நீர் செல்லும் வழி

சேர்வராயன் மலைக்கும் கொல்லிமலைக்கும் இடையே சேலம், நாமக்கல் சமவெளி பரந்து கிடக்கின்றது. மழை குறைந்த அந்நிலத்தில் உழவன் கிணற்றை நம்பியே வாழ்கின்றான். சிறிதளவு நீரைக்கொண்டு விளையும் மரவள்ளிக் கிழங்கு அவனுக்குக் கைகொடுக்கும் பயிராகும். கிழங்கை அரைத்து மாவெடுத்து ஜவ்வரிசி செய்யும் தொழில், இரண்டாம் உலகப் போரின்போது அயல்நாட்டுச் சரக்கு வருவது தடைப்பட்ட காலத்தில் சேலத்தில் தோன்றியது. அத்தொழிலோர் 1981ஆம் ஆண்டில் தமக்கெனக் கூட்டுறவுச் சங்கம் ஒன்றையும் அமைத்துக்கொண்டனர்.

இராசிபுரத்தை அடுத்த சிற்றூர் ஒன்றில் மரவள்ளி பயிரிடும் முதியவர் ஒருவர் இருந்தார். அவருடைய கிணறு ஒருகால் கெட்டுப் போயிற்று. கிழங்கு அரைக்கும் ஆலை ஒன்றின் கழிநீர் ஓடைவழியே வந்து தேங்கி, மண்ணில் ஊறிக் கிணற்றை அடைந்ததே அதற்குக் காரணம். நீர் புளித்து நாறியது. மாடுகளும் வாய் வைக்க மறுத்தன. அவர் முறையிடச் சென்றபோது, “நீர் எங்கள் வாயிலைக் கடந்துவிட்டது, அதன்பின் அது செல்லும் வழியை நாங்கள் அறியோம்” என்னும் விடையே கிடைத்தது. பின்னாளில் சேலத்து ஆலைகள் பல, அக்கழிநீரை மூடிய தொட்டிகளில் அடைத்து, நுண்ணுயிர்களின் உதவியால் எரிவாயுவாக மாற்றிப் பயன்கொள்ளத் தொடங்கின. கிணறும் சில மழைக்காலங்களுக்குப் பின் தெளிந்தது. ஆயினும் அன்று கேட்ட சொல் முதியவர் நெஞ்சைவிட்டு அகலவில்லை.

அவருடைய மகன் மீன்வளக் கல்வி கற்றவன். சீர்காழிக்குக் கிழக்கே, கடற்கரையை அடுத்த நிலத்தைக் குத்தகைக்கு எடுத்து, இறால் வளர்த்து வந்தான். அவனைக் காணும்பொருட்டு முதியவர் ஒருமுறை புறப்பட்டார். நாமக்கல்லைக் கடந்து, முசிறி வழியாகத் திருச்சிக்குச் சென்ற பேருந்து, நெடுந்தொலைவு காவிரியின் கரையோரமாக ஓடிற்று. அவர் ஆற்றையே நோக்கியிருந்தார். 1934ஆம் ஆண்டில் கட்டி முடிக்கப்பெற்ற மேட்டூர் அணையிலிருந்து இறங்கும் நீர், நாமக்கல் மாவட்டத்தின் எல்லையைத் தழுவி வருகின்றது. சேலம் நகரைக் கடந்து வரும் திருமணிமுத்தாற்றையும் தன்னுடன் சேர்த்துக்கொள்கின்றது. முக்கொம்பில் காவிரி என்றும் கொள்ளிடம் என்றும் பிரிந்து கடலை நாடுகின்றது. மேட்டில் நிற்பவன் கலக்கிய நீரையே பள்ளத்தில் நிற்பவன் பருகவேண்டும் என்பதை அந்த ஆறு அவருக்கு எடுத்துரைப்பது போன்றிருந்தது.

மகனுடைய பண்ணையில் குட்டைகள் ஐந்து இருந்தன. அவற்றில் வளர்ந்தது வனாமி என்னும் வெள்ளைக்கால் இறால். அது அமெரிக்கக் கண்டத்தின் பசிபிக் கடற்கரைக்கு உரியது. நம் நாட்டில் அதனை வளர்க்க 2009ஆம் ஆண்டில் இசைவு தரப்பெற்றது. குட்டைகளில் துடுப்புச் சக்கரங்கள் சுழன்று நீரை வாரி இறைத்துக்கொண்டிருந்தன. அவற்றின் பயன் யாதென முதியவர் வினவினார்.

“அப்பா, நீரிலுள்ள பாசி பகலில் உயிர்வளியை வெளியிடும், இரவிலோ அதுவும் இறாலைப் போல உயிர்வளியை உட்கொள்ளும். ஆகவே விடியற்காலையில் நீரில் உயிர்வளி மிகவும் குறைந்துவிடும். அப்போது சக்கரம் நின்றால் இறால் மூச்சுமுட்டி மடியும்” என்றான் மகன். தீவனத்தைப் பற்றியும் அவன் விளக்கினான். இடுகின்ற தீவனத்திலுள்ள நைட்ரஜனில் ஏறத்தாழக் காற்பங்கே இறாலின் உடலாகின்றது. எஞ்சியது உண்ணாத இரையாகவும் கழிவாகவும் நீரிலும் சேற்றிலும் கலந்து, அம்மோனியா என்னும் நஞ்சாகின்றது. அந்நீரில் ஒரு பகுதியை அவ்வப்போது வெளியேற்றிப் புதுநீர் பாய்ச்சுவதே அவன் கைக்கொண்ட வழக்கம்.

ஐந்தாம் குட்டை கழிநீரைத் தெளியவைப்பதற்காக வெட்டப்பெற்றது. வனாமி வளர்ப்போர், பண்ணை சிறிதாயினும், கழிநீரைத் தூய்மை செய்யும் அமைப்பு உடையவராதல் வேண்டும் என்பது விதி. மகன் விதிக்காகக் குட்டையை வெட்டினான். ஆசைக்காக அதிலும் இறாலை விட்டிருந்தான். அதனைச் சொல்லும்போது அவன் குரல் தாழ்ந்தது. முதியவர் ஒன்றும் கூறவில்லை.

மூன்றாம் நாள் காலையில் ஒரு குட்டையின் கரையோரத்தில் இறால்கள் சோர்ந்து மிதந்தன. மகன் ஒன்றனை எடுத்துப் பார்த்தான். அதன் ஓட்டின்மேல் வெண்ணிறப் புள்ளிகள் தெரிந்தன. அவன் முகம் வெளிறியது. வெண்புள்ளி நோய் வைரஸ் என்னும் நுண்மியால் வருவது. மனிதருக்கு அதனால் தீங்கில்லை. இறாலுக்கோ அதற்கு மருந்தில்லை. அது புகுந்த குட்டை சில நாள்களில் வெறுமையாகிவிடும்.

அன்று இரவு வேலையாள் ஒருவன் வந்து, “முதலாளி, மதகைத் திறந்துவிடலாம், விடிவதற்குள் குட்டை வற்றிவிடும், நாளையே சுத்தம் செய்து அடுத்த வளர்ப்பைத் தொடங்கலாம், ஒருவரும் அறியமாட்டார்” என்றான். மகன் மறுமொழி கூறாமல் மதகினருகே நின்றான். குத்தகைப் பணமும் தீவனக் கடனும் அவன் கண்முன் நின்றன. அப்போது முதியவர் விளக்கை ஏந்திக்கொண்டு அங்கு வந்தார்.

“தம்பி, இந்நீர் எங்கே செல்லும்?”

“வாய்க்காலுக்குச் செல்லும், அப்பா.”

“அங்கிருந்து?”

“உப்பாற்றுக் கழிக்குச் செல்லும்.”

“அக்கழியிலிருந்து நீர் இறைப்பவர் யார்?”

மகன் உடனே விடை கூறவில்லை. சுற்றியிருந்த பண்ணையார் அனைவரும் அந்தக் கழியிலிருந்தே நீர் இறைத்தனர். அதிலேயே கழிநீரையும் விட்டனர். அவனுடைய பண்ணைக்கும் புதுநீர் அங்கிருந்தே வந்தது. “எல்லாரும் இறைக்கின்றார்கள், அப்பா, நானும் இறைக்கின்றேன்” என்று மெல்லக் கூறினான்.

“நம் கிணறு கெட்டபோது நீ சிறுவன். ஆலைக்காரர் சொன்ன சொல் உனக்கு நினைவிருக்கிறதா?” என்றார் முதியவர்.

மதகு திறக்கப்படவில்லை. அதனை மண்ணிட்டு இறுக அடைத்தனர். மகன் சலவைத்தூளை அளவறிந்து கரைத்து நீரெங்கும் தெளித்தான். குளோரின் என்னும் வளி நோய்நுண்மியை அழித்துத் தன் கடுமையும் தணியும்வரை, நீர் குட்டையிலேயே நிறுத்தப்பட்டது. மடிந்த இறாலைத் தொலைவில் குழிதோண்டிப் புதைத்தனர். அண்டைப் பண்ணையாரிடம் மகன் தானே சென்று நோய் வந்த செய்தியைத் தெரிவித்தான். சிலர் சினந்தனர், சிலர் நன்றி கூறினர், அனைவரும் தம் நீரேற்றும் பொறிகளை நிறுத்திக்கொண்டனர். ஒரு குட்டையின் விளைவு முழுதும் அவனுக்கு இழப்பாயிற்று.

இறால் வளர்ப்புக்கும் ஊராருக்கும் இடையே எழுந்த வழக்கு ஒன்று முன்னரே நாடறிந்ததாகும். 1990களில் தமிழகக் கடற்கரையில் பண்ணைகள் விரைந்து பெருகின. நெல் விளைந்த நிலத்தில் உவர்நீர் தேக்கப்பட்டது; உப்புக் கசிந்து கிணறுகள் கெட்டன என்று சிற்றூர் மக்கள் வருந்தினர். சர்வோதயத் தொண்டராகிய எஸ். ஜெகந்நாதனும் அவர்தம் துணைவியார் கிருஷ்ணம்மாளும் அம்மக்களுடன் நின்று அறவழியில் போராடினர். ஜெகந்நாதன் தொடுத்த வழக்கில், உச்ச நீதிமன்றம் 1996ஆம் ஆண்டு டிசம்பர் 11ஆம் நாள் தீர்ப்பு வழங்கியது. விளைநிலத்தையும் சதுப்புக்காட்டையும் ஊர்ப்பொது நிலத்தையும் இறால் குட்டைகளாக்குதல் கூடாது என்பது அத்தீர்ப்பின் ஒரு பகுதி. பின்னர் 2005ஆம் ஆண்டில் பாராளுமன்றம் கடலோர நீருயிரி வளர்ப்புக்கெனச் சட்டம் இயற்றியது. அதன்வழி அமைந்த ஆணையம் சென்னையில் இருந்துகொண்டு பண்ணைகளைப் பதிவு செய்து வருகின்றது. 1990களின் நடுவில் இதே வெண்புள்ளி நோய் பரவிப் பண்ணைகள் பலவற்றை அழித்தமையும் நினைவுகூரத் தக்கது. ஊரார் கிணற்றைக் கெடுத்த அலட்சியமே பண்ணையாரின் குட்டையையும் கெடுத்தது எனலாம்.

அடுத்த வளர்ப்பில் மகன் தன் முறையை மாற்றினான். குட்டைகள் வெடிப்புவிடும்வரை வெயிலில் காய்ந்தன. ஒரு குட்டை, வரும் நீரைத் தேக்கித் தூய்மை செய்வதற்கென ஒதுக்கப்பட்டது. ஐந்தாம் குட்டை தனக்குரிய பணிக்கே திரும்பியது. கழிநீர் அதில் தங்கி, வண்டல் படிந்து தெளிந்தது. மடவை மீன்கள் அதன் அழுக்கை மேய்ந்தன. தெளிந்த நீர் வளர்ப்புக் குட்டைகளுக்கே மீண்டும் பாய்ந்தது. தீவனத்தைக் கண்மூடி வாரி இறைக்கும் வழக்கமும் நின்றது. இரை வைத்த தட்டுகளை நீரில் இறக்கி, இறால் எவ்வளவு உண்டது என்று பார்த்தறிந்தே அடுத்த வேளைத் தீவனம் இடப்பட்டது.

இவற்றோடு மற்றொரு புதுமையும் சேர்ந்தது. நீரில் மாவுப்பொருளை அளவோடு கரைத்தால், அதனை உண்டு பெருகும் நுண்ணுயிர்கள் அம்மோனியாவையும் உட்கொண்டு திரள்திரளாக மிதக்கும். அத்திரள்களை இறால் உணவாகக் கொள்ளும். கேரளத்தில் புலி இறாலைக் கொண்டு ஆராய்ந்த அறிஞர்கள், மரவள்ளி மாவு இதற்கு ஏற்றதென்றும், அதனால் நீரில் அம்மோனியா குறைகின்றதென்றும் 2004ஆம் ஆண்டில் வெளியிட்டனர். இதனை மகன் கூறக் கேட்ட முதியவர் வியப்புற்றார். அடுத்த முறை வந்தபோது இராசிபுரத்திலிருந்து மாவு மூட்டை ஒன்றைக் கொண்டுவந்தார்.

“முழு மூட்டையையும் கொட்டிவிடலாமா, தம்பி?” என்றார்.

“கூடாது, அப்பா. ஒரு கிராம் அம்மோனிய நைட்ரஜனை அடக்க ஏறத்தாழ 20 கிராம் மாவுப்பொருள் போதும். மிகுதியானால் நுண்ணுயிர்கள் பெருகி இறாலுக்குரிய உயிர்வளியை உண்டுவிடும். சக்கரமும் இடையறாது சுழலவேண்டும்” என்றான் மகன்.

முதியவர் முறுவலித்தார். அவர் கிணற்றை ஒருகால் கெடுத்தது மரவள்ளியின் மாவு கலந்த கழிநீர். அம்மாவே இன்று அவர் மகனின் குட்டையைத் தூய்மை செய்கின்றது. ஒரு பொருள் நஞ்சாவதும் மருந்தாவதும் அளவையும் அது சேரும் இடத்தையும் பொறுத்தன என்பது அவருக்கு விளங்கிற்று.

அவ்வாண்டு விளைவு பெருஞ்செல்வத்தைத் தரவில்லை. எனினும் கடன் ஒருவாறு அடைந்தது. கழியிலிருந்து இறைக்கும் நீரின் அளவு குறைந்தது. கழிக்குள் விடும் நீரின் அளவு அதனினும் குறைந்தது. அண்டைப் பண்ணையார் இருவர் அம்முறையைக் கண்டு, தம் பண்ணைகளிலும் தெளிநீர்க் குட்டைகளை ஒழுங்குபடுத்தத் தொடங்கினர்.

நீரைப் பயன்கொள்வோர் அது வரும் வழியைப் பார்ப்பது இயல்பு. அது செல்லும் வழியையும் பார்ப்பது அறம். ஆலை நடத்துவோருக்கும், இறால் வளர்ப்போருக்கும், வீட்டின் கழிநீரைத் தெருவில் விடுவோருக்கும் இது பொதுவாகும். தன் வாயிலைக் கடந்த நீர் பிறிதொருவர் வாயிலை அடையுமுன் அதனைத் தூய்மை செய்பவனே நீரின் அருமை அறிந்தவன் ஆவான்.