ஏழாயிரம்பண்ணையும் எய்யாத அம்பும்

சாத்தூர்ச் சீமையின் கரிசல் பூமியில், வெம்பக்கோட்டைப் பக்கத்தில் இருக்கிறது ஏழாயிரம்பண்ணை. வெளியூரார் இதைத் தீப்பெட்டிக்கும் பட்டாசுக்குமே அறிவர். ஆனால் இது பழைய பாளையம். கட்டபொம்மனோடு நின்றதற்காக 1799-ல் கும்பெனியார் பறித்துக்கொண்ட பாளையங்களுள் ஒன்று.

பாளையக்காரர் காலத்தில் வேட்டை வீரத்துக்கு அடையாளம். ஆயினும் இந்த வெட்டவெளியைப் பார்ப்பவர்க்கு ஒன்று விளங்கும்: அம்பு தவறான இடத்தில் பட்ட மான் கண்காணாத தூரம் ஓடி, எங்கோ கிடந்து துடிக்கும். அம்பு, தோட்டாவைப்போல் அதிர்ச்சியால் சாய்ப்பதன்று. உதிரம் வடியச் செய்தே கொல்வது. ஆகவே விலங்கு பக்கவாட்டில் அசையாமல் நிற்கும்போது, முன்னங்காலுக்குச் சற்றுப் பின்னே, இருதயமும் நுரையீரலும் உள்ள மார்பே குறி. அங்கே பட்டால் உயிர் விரைவில் அடங்கும். வயிற்றில் பட்டாலோ மணிக்கணக்கில் வேதனை. விலங்கு எதிர்முகமாக நின்றாலும், ஓடினாலும், தூரம் மிகுந்தாலும் நாணைத் தளர்த்திவிடுவதே வில்லாளிக்கு அழகு.

வல்வில் ஓரியின் ஓர் அம்பு யானை முதல் உடும்புவரை துளைத்ததைப் புறநானூறு போற்றுகிறது. எய்யாமல் கையை அடக்கியவனை யார் பாடினார்கள்?

1972-ஆம் ஆண்டு வனவிலங்குச் சட்டத்துக்குப் பின் மான் வேட்டை குற்றம். தெற்கே வல்லநாட்டில் வெளிமான்களுக்குச் சரணாலயமே இருக்கிறது. விஜயதசமியன்று பல கோயில்களில் சுவாமி எய்யும் அம்பும் வாழைமரத்தில்தான் தைக்கிறது. வில்லெடுக்க விரும்பும் நம் பிள்ளைகளுக்கும் அந்த இலக்கே போதும். ஆனால், குறி நிச்சயமில்லாதபோது அம்பை விடாதிருக்கும் பழக்கத்தை அவர்கள் அங்கேயே கற்கட்டும்.