மலை பிடித்துவைக்கும் தண்ணீர்

மூணாறு பக்கம் இரவிகுளம் தேசியப் பூங்காவுக்குக் காரில் போனாலும், வாசலோடு இறங்கி வனத்துறைப் பேருந்தில்தான் மேலே போக வேண்டும். சித்திரையில் உத்திரமேரூர் விவசாயக் குடும்பம் ஒன்று அப்படிப் போனது. பிள்ளைகள் வரையாடு பார்க்க, அப்பா பாறையிடுக்கில் ஓடிய தண்ணீரையே பார்த்தார். "இந்தக் கோடையில இது ஏது?"

97 சதுர கிலோமீட்டர் பூங்காவின் புல்வெளியும் சோலைக்காடும் பருவமழையைப் பிடித்துவைத்துக் கொஞ்சம் கொஞ்சமாக விடுகின்றன. அதில் ஒரு பங்கு பாம்பாறு வழியாக நம் அமராவதி அணைக்கும் வருகிறது.

அவர் ஊரில் போன ஐப்பசியில் நல்ல மழைதான். ஆனாலும் ஏரி பாதிதான் நிரம்பியது. நவரை நெல் பால் பிடிக்கும் நேரத்தில் காய்ந்தது. காரணம், வரத்துக்கால்வாயை அடைத்த சீமைக்கருவேல்.

முதலாம் பராந்தகன் காலத்திலேயே ஏரி வாரியம் வைத்த ஊர் உத்திரமேரூர். ஆடிக்குள் ஊராகச் சேர்ந்து வரத்துக்கால்வாயைச் சுத்தம் செய்யுங்கள். பெய்கிற மழை நவரைக்கும் நிற்கும்.