எழுபது வளைவுகள்

கொல்லிமலைக்கு மோட்டார் சைக்கிளில் போகிறேன் என்றதும் என் மனைவி சொன்னது ஒன்றே ஒன்றுதான்: "பின்னால் உட்காருகிறவருக்கும் பெண்டாட்டி பிள்ளைகள் உண்டு. ஞாபகம் இருக்கட்டும்." உட்காரப் போகிறவர் எங்கள் பத்திரிகையின் புகைப்படக்காரர்.

நாமக்கல்லிலிருந்து சேந்தமங்கலம் வழியாகக் காரவள்ளி வரை நான் வீரன்தான். வேகமாகப் போகும் இரு சக்கர வண்டியில் ஒரு விசித்திரம் உண்டு. இடப்பக்கம் திரும்ப வேண்டுமானால் இடக் கைப்பிடியை லேசாக முன்னால் தள்ள வேண்டும். சக்கரம் ஒரு கணம் வலப்பக்கம் திரும்பும். உடனே வண்டி இடப்பக்கம் சாயும். சாய்ந்த பக்கமே போகும். விமானம் கண்ட வில்பர் ரைட் ஆதியில் சைக்கிள் கடைக்காரர். எப்படித் திரும்புகிறீர்கள் என்று சைக்கிள் ஓட்டுகிறவர்கள் பலரைக் கேட்டாராம். சரியாகச் சொன்னவர் ஒருவருமில்லை! இதையெல்லாம் புகைப்படக்காரருக்கு விஸ்தாரமாக விளக்கிக்கொண்டே போனேன்.

காரவள்ளியில் மலை தொடங்கியது. என் பேச்சு நின்றது. மொத்தம் 70 கொண்டை ஊசி வளைவுகள். ஒவ்வொன்றுக்கும் எண் போட்ட பலகை. நடை வேகத்தில் திரும்புகிற இடங்களில் ரைட்டின் வித்தை உதவாது. 12-வது வளைவில் மேலிருந்து ஒரு பஸ் இறங்கிற்று. நான் ஓரத்துச் சுவரைப் பார்த்தேன்; பார்த்த கண்ணை எடுக்க முடியவில்லை. வண்டி நேரே சுவரை நோக்கிப் போயிற்று. ஹாண்டில் திரும்பியிருக்கும்போதே முன் பிரேக்கை அழுத்திப் பிடித்தேன். அப்படிப் பிடித்தால் என்ன ஆகுமோ அது ஆயிற்று. வண்டி படுத்துவிட்டது. என் முழங்காலில் ரத்தம். புகைப்படக்காரர் காமிராவை மார்போடு அணைத்தபடி புல்லில் உட்கார்ந்திருந்தார்.

பலாப்பழங்களைக் கட்டிக்கொண்டு மொபெட்டில் இறங்கி வந்த பெரியவர் ஒருவர் நிறுத்தினார்.

"சுவரைப் பார்த்தீங்களா, தம்பி?"

"ஆமாங்க, ஐயா."

"பார்க்கிற இடத்துக்குத்தான் வண்டி போகும். வளைவு முடியற இடத்தைப் பாருங்க. பிரேக்கெல்லாம் வளைவுக்கு முன்னாடியே முடிஞ்சுடணும். உள்ளே போயி பிடிக்கக் கூடாது."

அடுத்த மூன்று வளைவுகளைப் புகைப்படக்காரர் நடந்தே கடந்தார். நான் குறை சொல்லவில்லை.

மாலையில், "நான் பஸ்ஸில் வருகிறேன்" என்றார். பஸ்ஸுக்கு இன்னும் ஒரு மணி நேரம் இருந்தது. யோசித்துவிட்டுப் பின்னால் ஏறிக்கொண்டார். ஏறிய அதே சின்ன கியரில் இறங்கினேன். எஞ்சினே வண்டியை இழுத்துப் பிடிக்கும், பிரேக்கும் சூடேறாது. ஒவ்வொரு வளைவிலும் அவர் என் காதருகே, "அந்தக் கோடியைப் பாருங்கள்!" என்று கத்தினார். 70 தடவையும் கத்தினார்.

காரவள்ளியில் இறங்கியபோது அவருக்குத் தொண்டை கட்டியிருந்தது.