மோர்கூட வேணாமா தம்பி?

டூர் என்றதும் நம் பாலிடெக்னிக் மாணவனுக்கு முதலில் ஞாபகம் வருவது ஜன்னலோர சீட். எனக்கோ சாப்பாடு! காரணம், நான் பசிக்கு அலைபவன் என்பதல்ல. நான் ‘வீகன்’. கறி, மீன், முட்டை மட்டுமல்ல. பால், தயிர், நெய், தேன் எதுவும் கிடையாது. “அப்புறம் என்னதான்டா சாப்பிடுவே, புல்லா?” என்று கேட்காத நண்பன் இந்தக் கல்லூரியில் இல்லை.

வீகன் என்ற சொல் 1944-ல் இங்கிலாந்தில் டொனால்ட் வாட்சனும் அவர் நண்பர்களும் உருவாக்கியது. தமிழில் ‘நனிசைவம்’ என்கிறார்கள். சொல் புதிது; எண்ணம் அவ்வளவு புதிதல்ல. புலால் மறுத்தலுக்கும் கொல்லாமைக்கும் தனித்தனி அதிகாரம் வைத்தவர் நம் வள்ளுவர். ஆனால் நான் புத்தகம் படித்துப் பாலை விட்டவன் இல்லை. அந்தக் கதையைப் பிறகு சொல்கிறேன்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை நாங்கள் நால்வர் செங்கல்பட்டிலிருந்து மாமல்லபுரம் கிளம்பினோம். பஸ் ஸ்டாண்ட் பக்கம் டிபன். பொங்கலில் நெய் மிதந்தது, ஒதுங்கிக்கொண்டேன். இட்லி, வடை, சாம்பார் இருக்கும்வரை தமிழ்நாட்டில் நனிசைவன் பட்டினி கிடக்க மாட்டான். “தோசைக்கு நெய் வேணாம்ணே, எண்ணெய் ஊத்துங்க” என்றேன். “ஏன் தம்பி, உடம்புக்கு ஒத்துக்காதா?” என்றார் சர்வர். “ஆமாண்ணே” என்று ஒரு பொய் சொன்னேன். காபிக்குப் பதில் வரக்காப்பி கேட்டபோதும் அதே பொய். விளக்கம் சொல்வதைவிட வியாதி சொல்வது சுலபம்!

வழிக்கு பிஸ்கட் வாங்கிய நண்பன், “பச்சைப் புள்ளி இருக்குடா, சாப்பிடு” என்று நீட்டினான். பச்சைப் புள்ளி சைவத்துக்குத்தான். அதில் பால் பவுடர் இருக்கலாம். நனிசைவ உணவுக்கென்று தனி விதிமுறையே 2022-ல்தான் வந்தது. எனவே பாக்கெட்டைத் திருப்பிப் பொடி எழுத்தைப் படிப்பது எனக்குப் பழக்கமாகிவிட்டது. கையில் வேர்க்கடலையும் வாழைப்பழமும் இருந்தால் அந்தக் கவலையும் இல்லை.

பஸ் திருக்கழுக்குன்றம் வழியாகப் போனது. அந்த மலையில் ஒரு காலத்தில் உச்சிவேளையில் கழுகுகள் வந்து சர்க்கரைப் பொங்கல் சாப்பிட்டுப் போகும். 1990-களின் இறுதிக்குப் பிறகு அவை வருவதில்லை. “செத்ததைத் தின்கிற கழுகே சைவம் சாப்பிட்ட ஊருடா இது” என்றேன் பெருமையாக. “அதுலயும் நெய் இருந்திருக்கும் மாப்ளே” என்றான் ஒருவன். பஸ்ஸே சிரித்தது.

மாமல்லபுரத்தில் கிருஷ்ணரின் வெண்ணெய் உருண்டையை முதுகால் தாங்குவதுபோல போட்டோ எடுத்துக்கொண்டேன். நான் தொடுகிற ஒரே வெண்ணெய் அதுதான் என்று அதற்கும் ஒரு கிண்டல். பக்கத்திலேயே கிருஷ்ண மண்டபம். உள்ளே பாறையில் ஓர் ஆயர் பால் கறக்கிறார். பசு தலையைத் திருப்பித் தன் கன்றை நக்குகிறது. ஏழாம் நூற்றாண்டுச் சிற்பம். நாக்கின் ஈரம்கூடத் தெரிவது போலிருந்தது. நண்பர்கள் நகர்ந்துவிட்டார்கள். எனக்குக் கால் நகரவில்லை.

எங்கள் வீட்டிலும் ஒரு பசு இருந்தது. நான் எட்டாவது படிக்கும்போது அதன் கன்று செத்துப்போனது. கன்று இல்லாமல் பசு பால் சுரக்கவில்லை. கன்றின் தோலை உரித்து, வைக்கோல் திணித்து, நான்கு குச்சியைக் கால்களாக நட்டுக் கொண்டுவந்து நிறுத்தினார்கள். பசு அதை நக்கியது. பால் சுரந்தது. எங்கள் ஊருக்கு அது புதிதில்லை; அப்பா கெட்டவரும் இல்லை. அந்தப் பாலில்தான் என் பள்ளிக்கூடச் செலவு. ஆனாலும் அன்று காலை டம்ளரை என்னால் வாயில் வைக்க முடியவில்லை. இன்றுவரை முடியவில்லை.

மத்தியானம், எங்களில் ஒருவனுடைய வீட்டில் சாப்பாடு. கடலோரக் குப்பம். வாசலில் வலை காய்ந்துகொண்டிருந்தது. அவன் அம்மா காலையிலிருந்தே சமைத்திருந்தார். மீன் குழம்பு, வறுவல் என்று வீடே மணத்தது. நான் மீன் வேண்டாம் என்றதும், “பரவால்ல தம்பி, மோர் ஊத்திக்கோ” என்றார்.

“மோரும் வேணாம்மா.”

அந்த அம்மாவின் முகம் சட்டென்று வாடியது. “மோர்கூட வேணாமா தம்பி? எங்க வூட்ல கை நனைக்கக் கூடாதுன்னா நேராவே சொல்லிடுப்பா.”

எனக்கு வெலவெலத்துவிட்டது. நம் ஊரில் ‘நான் சாப்பிட மாட்டேன்’ என்ற சொல்லுக்குப் பின்னால் எத்தனை தலைமுறைத் திமிர் ஒளிந்திருக்கிறது! எத்தனை வாசல்களில் எத்தனை பேரை அந்தச் சொல் குனிய வைத்திருக்கிறது! ‘உடம்புக்கு ஒத்துக்காது’ என்ற என் பொய்யும் அங்கே செல்லாது. மனிதனை ஒதுக்குகிறவர்களும் அதே சாக்கைத்தானே சொல்கிறார்கள்?

முதலில் அவர் வீட்டுப் பானையில் தண்ணீர் மொண்டு குடித்தேன். பிறகு தரையில் உட்கார்ந்து அந்த வைக்கோல் கன்றின் கதையைச் சொன்னேன். நண்பர்களுக்கும் அன்றுதான் தெரியும். அந்த அம்மா கொஞ்ச நேரம் பேசவில்லை. “பெத்தவளுக்குத் தெரியாமலா இருந்திருக்கும்? தெரிஞ்சேதான் நக்கியிருக்கும் பாவம்” என்று மட்டும் சொன்னார்.

அப்புறம் எழுந்துபோய் இரண்டு கத்திரிக்காயை அடுப்பில் சுட்டு, புளியும் பச்சைமிளகாயும் உப்பும் சேர்த்துப் பிசைந்து சோற்றின் மேல் வைத்தார். மூன்று முறை வாங்கிச் சாப்பிட்டேன். பக்கத்தில் நண்பர்கள் மீன் சாப்பிட்டார்கள். நான் மூக்கைச் சுளிக்கவில்லை. கடலை நம்பிப் பிழைக்கும் வீட்டில் உட்கார்ந்து மீனைப் பற்றிப் பிரசங்கம் செய்ய எனக்கு என்ன யோக்கியதை?

நண்பர்களே, என்னைப் போல் யாரேனும் இருந்தால் அனுபவத்தில் ஒன்று சொல்கிறேன். பிரயாணத்தில் நம் வயிற்றுக்குக் கஷ்டமில்லை. இட்லியும் சுண்டலும் இளநீரும் எங்கும் உண்டு. கஷ்டம் ‘வேண்டாம்’ என்று சொல்வதில்தான். ஓட்டலில் பொய் போதும். வீட்டில் உண்மையைச் சொல்லுங்கள். உணவை மறுக்கலாம், பரிமாறும் கையை மறுக்கக் கூடாது.

கிளம்பும்போது அந்த அம்மா சொன்னார்: “அடுத்த தபா முன்னாடியே சொல்லிட்டு வா தம்பி. உனக்குன்னு ஒரு குழம்பு வெச்சிடறேன்.”

செமஸ்டர் முடியட்டும். நான் ரெடி!