ஒரு கித்தார் போதும்



வீடு மாறும்போதுதான் நாம் எவ்வளவு சேர்த்து வைத்திருக்கிறோம் என்பது தெரியவரும். பாத்திர பண்டங்களைக் குறைப்பது பற்றி இல்லத்தரசிகள் நிறையவே எழுதிவிட்டார்கள். நான் எழுதப்போவது கித்தாரைப் பற்றி. "இது நமக்கு எதற்கு?" என்று பக்கத்தைப் புரட்டிவிடாதீர்கள். உங்கள் வீட்டில் இருப்பது தையல் இயந்திரமானாலும் சரி, மிருதங்கமானாலும் சரி, இந்தக் கணக்கு உங்களுக்கும் உதவும்.

பிள்ளைகள் தனிக்குடித்தனம் போன பிறகு, கிள்ளானில் இருந்த தரை வீட்டை விட்டு, நானும் மனைவியும் 700 சதுர அடி அடுக்குமாடி வீட்டுக்குக் குடிபெயர்ந்தோம். அப்போது என்னிடம் நான்கு கித்தார்கள் இருந்தன. மனைவி ஒரே வார்த்தையில் தீர்ப்புச் சொல்லிவிட்டார்: "ஒண்ணுதாங்க. எந்த ஒண்ணுன்னு நீங்களே முடிவு பண்ணிக்குங்க."

முதலாவது, என் அண்ணனுடையது. சீனாவில் செய்த 'காப்போக்' கித்தார். அந்தக் காலத்தில் தோட்டத்து இளைஞர்களின் கைக்கு எட்டிய கித்தார் அதுதான். பேராக்கில் நாங்கள் பிறந்து வளர்ந்த தோட்டத்தில், 1974ஆம் ஆண்டில், ஞாயிற்றுக்கிழமைகளிலும் பால் வெட்டிச் சேர்த்த காசில் அண்ணன் வாங்கினார். மாலையில் லயத்து வாசலில் அவர் உட்கார்ந்தால், சுற்றிலும் பத்துப் பேர் கூடிவிடுவார்கள். பினாங்குச் சகோதரர்களான டேவிட் ஆறுமுகமும் லோகநாதன் ஆறுமுகமும் 'ஆலிகேட்ஸ்' குழுவில் மலாய்ப் பாடல்களால் நாடெங்கும் புகழ் பெற்றபோது, "பார்த்தியா, நம்ம பிள்ளைங்க!" என்று எங்கள் லயமே பூரித்துப் போனது. அண்ணன் சிங்கப்பூருக்கு வேலைக்குக் கிளம்பிய அன்று கித்தாரை என் மடியில் வைத்துவிட்டுப் போனார். இப்போது அவர் இல்லை.

இரண்டாவது, பட்டணத்தில் வேலை கிடைத்த பிறகு நான் வாங்கிய பெரிய உடல் கொண்ட 'டிரெட்நாட்' கித்தார். கல்யாண மேடைகளிலும் தீபாவளிக் கலைநிகழ்ச்சிகளிலும் முழங்கியது. மூன்றாவது, பன்னிரண்டு கம்பி கொண்டது. நான்காவது, மகள் தன் பையனுக்கு வாங்கிக் கொடுத்த சின்னக் கித்தார். பையன் பந்து விளையாட்டின் பக்கம் போய்விட்டதால், அது எங்கள் கூடத்து மூலைக்கு வந்து சேர்ந்தது.

விலையைப் பார்த்தால் இரண்டாவதை வைத்துக்கொள்ள வேண்டும். பாசத்தைப் பார்த்தால் முதலாவதை. இரண்டும் வழக்காடின. எனவே ஒரு வழி செய்தேன். வீடு மாறுவதற்கு முந்திய மாதம் முழுவதும், எந்தக் கித்தாரைக் கையில் எடுக்கிறேனோ அதை அன்றன்றைக்கு நாட்காட்டியில் குறித்து வந்தேன். மாதக் கடைசியில் கூட்டிப் பார்த்தேன். சின்னது 23 நாள். பெரியது 2 நாள். பன்னிரண்டு கம்பி ஒரு நாளும் இல்லை. அண்ணனுடையது ஒரே ஒரு நாள், அதுவும் தூசி துடைக்க!

ஏன் அப்படி? வயதுதான் காரணம். தோள்பட்டை இறுக்கம் வந்த பிறகு, பெரிய கித்தாரின் உடலைத் தாண்டிக் கையை வளைத்துப் போட்டால் வலி உயிர் போகும். சின்னதில் அந்தத் தொல்லை இல்லை. பெரியதில் கம்பியின் வாசிப்பு நீளம் 25.4 அங்குலம், சின்னதில் 23.5. இரண்டு அங்குலம்கூட இல்லையே என்று எண்ணாதீர்கள். ஒரே கனமுள்ள கம்பியை ஒரே சுருதிக்குக் கூட்டினால், குட்டையான கம்பியில் இழுவிசை ஏறத்தாழ 14 விழுக்காடு குறைந்துவிடும். கட்டைகளும் நெருங்கி இருக்கும். ஆள்காட்டி விரலைக் குறுக்கே படுக்கவைத்துப் பிடிக்கும் 'எஃப்' கார்டு, படிக்கிற பிள்ளைகளை அழவைப்பது. வயதான விரலையும் அது விடுவதில்லை. சின்னக் கித்தாரில் அது சற்று இரக்கம் காட்டுகிறது.

குறையையும் சொல்லிவிட வேண்டும். உடல் சிறியதானால் உள்ளே அடங்கும் காற்றும் குறைவு. கீழ்ச்சுருதியின் கம்பீரம் வராது. மேடைக்கு எடுபடாது. ஆனால் சுவருக்கு அந்தப் பக்கம் அண்டை வீட்டார் தூங்கும் அடுக்குமாடியில், அந்தக் குறையே நிறையாகிவிட்டது.

"இது விளையாட்டுச் சாமான்தானே?" என்று நண்பர் ஒருவர் கேலி செய்தார். அவருக்குச் சொன்னதை உங்களுக்கும் சொல்கிறேன். 19ஆம் நூற்றாண்டில் பெரும்பாலான கித்தார்கள் சிறிய உடல் கொண்டவைதாம். பெரிய டிரெட்நாட் வடிவத்தை அமெரிக்காவின் மார்ட்டின் நிறுவனம் 1916இல்தான் செய்தது. அதுவும் டிட்சன் என்னும் இசைக்கடைக்காக. 1906இல் கடலில் இறக்கப்பட்ட பிரிட்டிஷ் போர்க்கப்பலின் பெயரையே அதற்கு வைத்தார்கள். அது உரத்த ஒலிக்காகப் பிறந்த வடிவம். வீட்டுக்குள் வாசிப்பவருக்குப் போர்க்கப்பல் எதற்கு?

பெரியதைக் கல்யாண மேடைகளில் வாசிக்கும் ஓர் இளைஞர், மூன்று தவணையில் பணம் கொடுத்து வாங்கிக்கொண்டார். பன்னிரண்டு கம்பி, எங்கள் வட்டாரத் தமிழ்த் தேவாலயத்தின் பாடகர் குழுவுக்குப் போனது. அண்ணனுடையதை மட்டும் என்னால் கைவிட முடியவில்லை. பீரோ மேல் வைத்துக்கொள்ளலாம் என்று மெதுவாகப் பேச்செடுத்தேன்.

மனைவி கோபப்படவில்லை. "என்னங்க, உங்க அண்ணன் இதைப் பீரோ மேல வைக்கவா உங்க மடியில வெச்சிட்டுப் போனாரு?" என்று மட்டும் கேட்டார். அன்றிரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. அவர் கேட்டதில் நியாயம் இருந்தது. அண்ணன் அதைக் கொடுத்தது வாசிக்கத்தான்.

ஜொகூரில் இருக்கும் அண்ணன் மகனுக்குத் தொலைபேசியில் பேசினேன். "சித்தப்பா, சின்னவன் கித்தார் கேட்டு நச்சரிக்கிறான்" என்றான். கம்பி மிக உயரத்தில் இருந்ததால், பழுது பார்ப்பவரிடம் கொடுத்துத் தாழ்த்தி, மெல்லிய கம்பி மாட்டினேன். ஒட்டுப்பலகையில் செய்தது, நம் நாட்டு ஈரத்தை இத்தனை ஆண்டு தாங்கிவிட்டது. அதைக் காரில் ஏற்றிக் கதவைச் சாத்தும்போது கண் கலங்கியது உண்மை. நான்கு மாதம் கழித்து அந்தப் பையன் தொலைபேசியில், "சின்னத் தாத்தா, எஃப் வந்துடுச்சு!" என்று கத்தினான். வாசித்தும் காட்டினான். பாதிக் கம்பிதான் ஒலித்தது. ஆனாலும் அது எங்கள் லயத்து வாசலில் கேட்ட அதே குரல்.

வாசகர்களே, ஒரே கித்தாரை வைத்துக்கொள்ள எண்ணுவோருக்குச் சில குறிப்புகள். கடையில் நின்றபடி பார்க்காமல், உட்கார்ந்து மடியில் வைத்துப் பாருங்கள், தோள் சொல்லும். வாசித்து முடித்ததும் கம்பிகளை உலர்ந்த துணியால் துடையுங்கள்; நம் ஊர் வியர்வையும் ஈரமும் சேர்ந்தால் சீக்கிரம் துருப்பிடிக்கும். வெயிலில் நிறுத்திய காருக்குள் விட்டுவிடாதீர்கள். சூட்டில் பசை இளகிக் கம்பி தாங்கும் பாலம் பெயர்ந்துவிடும். பெட்டியில் ஈரம் உறிஞ்சும் சிறு பொட்டலம் ஒன்று போட்டு வையுங்கள். முக்கியமாக, கைக்கெட்டும் இடத்தில் வையுங்கள்.

மற்றவற்றை என்ன செய்வது என்று கேட்பீர்கள். உங்கள் உறவிலோ, தெருவிலோ, கேட்டு நச்சரிக்கும் ஒரு பிள்ளை நிச்சயம் இருக்கும். கம்பியை மாற்றி, சுருதி கூட்டி, அந்தப் பிள்ளையின் மடியில் வையுங்கள்.