டயருக்கும் சம்பளம் உண்டு

"முன் பிரேக்கைத் தொடாதேடா, குப்புறத் தள்ளிடும்!" பைக் பழக்கிவிட்ட மாமா எனக்குச் செய்த உபதேசம் இது. உங்களுக்கும் ஒரு மாமா சொல்லியிருப்பார்.

பாதிதான் நிஜம். பிரேக் பிடித்ததும் நம் உடம்பு முன்னால் சாய்கிறதல்லவா? வண்டியின் பாரமும் அப்படித்தான் முன் சக்கரத்துக்குப் போகிறது. பாரம் ஏற ஏற அந்த டயர் ரோட்டை இறுக்கிப் பிடிக்கும். பின் சக்கரமோ லேசாகிவிடும். அதை மட்டும் நம்பி மிதித்தால் சர்ரென்று வழுக்கும். முன் பிரேக்கை வெடுக்கென்று பிடிப்பதுதான் ஆபத்து. எலுமிச்சம்பழம் பிழிகிற மாதிரி முதலில் மெதுவாக, பிறகு அழுத்தி. பின் பிரேக் கூடவே துணைக்கு.

பி.காம். பாஷையில் சொன்னால், டயரின் பிடிப்பு ஒண்ணாம் தேதிச் சம்பளம். திரும்புவதற்கும் பிரேக்குக்கும் ஒரே கவர்தான். வளைவிலேயே முழுசும் செலவழித்துவிட்டால் பிரேக்குக்குக் கடன் தர ஆள் கிடையாது. ஆகவே, வேகத்தை வளைவுக்கு முன்னாலேயே குறைத்துவிடுங்கள். மழை நாளில் சம்பளத்தில் பிடித்தம் வேறு! முதல் தூறலில் ரோட்டு எண்ணெய் மிதக்கும்போது கேட்கவே வேண்டாம்.

வேகமோ கந்துவட்டிக்காரன். நல்ல ரோட்டில் 30 கிலோமீட்டர் வேகத்தில் பிரேக் பிடித்து சுமார் 5 மீட்டரில் நிற்கிற வண்டி, 60-ல் 10 கேட்காது, 20 கேட்கும். அந்த மிச்ச 10 மீட்டரில் ஒரு தண்ணி லாரி நின்றால்?

2019 ஏப்ரலிலிருந்து 125 சி.சி.க்கு மேற்பட்ட புது பைக்குகளுக்கு ஏ.பி.எஸ். கட்டாயம். அது சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் பார்த்துக்கொள்ளும். சம்பளத்தை உயர்த்தித் தராது. ஆபீஸில் அட்வான்ஸ் கேட்கலாம். டயரிடம் கேட்க முடியாது, சார்!