18 வெள்ளி சார்ஜரும் நாங்க ஏசுன தம்பியும்

 

இன்னிக்கு பதிவுல சாமி படமும் இல்ல, உபயப் பட்டியலும் இல்ல. கேம் பெட்டிக்கு வாங்குற சார்ஜர், பேட்டரி பத்தி எழுதுறோம். கோயில் தொண்டர்களுக்கு இதுல என்ன வேலைன்னு சிலர் கேப்பீங்க. கடைசி வரைக்கும் படிச்சுட்டு சொல்லுங்க. இதுல எங்க தப்பு ஒண்ணு இருக்கு. அதை எழுதாம விட்டா மனசு ஆறாது.

ஜொகூர்ல முன்ன வெள்ளி, சனி லீவு. 2025 ஜனவரி 1-லருந்து சனி, ஞாயிறுன்னு மாறுச்சு. அதனால நம்ம தேவார வகுப்பையும் ஞாயித்துக்கிழமை காலைக்கு மாத்துனோம். அதுல ஒரு நல்லது நடந்துச்சு. சிங்கப்பூருக்கு வேலைக்குப் போற அப்பாமாருங்க, விடியறதுக்கு முன்னாலயே மோட்டார் எடுத்துக்கிட்டு பாலத்துல நிக்கிறவங்க, அவங்களும் பிள்ளைங்களைக் கூட்டிக்கிட்டு வர ஆரம்பிச்சாங்க. பெரியவங்க பூஜையில இருப்பாங்க. பிள்ளைங்க வகுப்பு முடிஞ்சு அன்னதானம் வரைக்கும் சும்மா இருக்கணும். சும்மா இருக்குமா? மண்டபத்துல ஓடும், குத்துவிளக்கைத் தட்டிவிடும்.

அந்த நேரத்துல ஒரு அம்மா, மகன் படிக்க வெளியூர் போயிட்டாருன்னு, அவரோட நிண்டெண்டோ சுவிட்ச் பெட்டியைக் கோயிலுக்குக் கொடுத்தாங்க. கோயில்ல விளையாட்டுப் பெட்டியான்னு கமிட்டியில பெரிய பேச்சு. கடைசியில தலைவர், "வகுப்பு முடிச்சவங்களுக்கு மட்டும், ஆளுக்குப் பத்து நிமிஷம்"னு முடிச்சு வச்சாரு. வகுப்புக்கு வர்ற கூட்டம் கூடுச்சு. பத்து நிமிஷ விளையாட்டுக்காக ஒரு பதிகம் மனப்பாடம் பண்ணுன பசங்களும் உண்டு. அதுல எங்களுக்கு வருத்தம் இல்ல. பழனி பஞ்சாமிர்தத்துக்காக கோயிலுக்குப் போனவங்கதானே நாமளும்.

பெட்டி வந்துச்சு, ஆனா அதோட சொந்த சார்ஜர் வரல. வீடு மாறும்போது தொலைஞ்சுபோச்சாம். கோயில் பணம், சிக்கனமா இருக்கணும்னு பாசார் மாலாம்ல 18 வெள்ளிக்கு ஒரு சார்ஜர் வாங்குனோம். முனை பொருந்துச்சு, லைட் எரிஞ்சுச்சு, போதும்னு நினைச்சோம். டாக்ல வச்சா டிவியில படம் வரல. பரவாயில்ல, கையில வச்சே விளையாடட்டும்னு விட்டுட்டோம். எங்களுக்குக் கிடைச்ச முதல் எச்சரிக்கை அதுதான். நாங்க கவனிக்கல.

கொஞ்ச வாரம் கழிச்சு ஒரு ஞாயிறு, பெட்டி உயிர் விட்டுருச்சு. எந்தப் பொத்தானை அமுக்குனாலும் ஒண்ணும் இல்ல. கடைசியா கையில வச்சிருந்தது பதிமூணு வயசு தம்பி ஒருத்தர். "கீழே போட்டியா?"ன்னு கேட்டோம். "போடல அங்கிள்"னாரு. நம்பல. மத்த பிள்ளைங்க எல்லாம் நிக்கும்போதே ஏசுனோம். கோயில் சொத்து, உபயம் கொடுத்தவங்களுக்கு என்ன பதில் சொல்றதுன்னு சத்தம் போட்டோம். தம்பியோட அப்பா வந்து விஷயத்தைக் கேட்டாரு. ஒரு வார்த்தை எதிர்த்துப் பேசல. "எவ்வளவுன்னு சொல்லுங்கண்ணே, அடுத்த மாசம் நான் கட்டிடறேன்"னாரு. அடுத்த வாரத்துலருந்து ரெண்டு பேரும் வரல.

ஒரு மாசம் போச்சு. ஒரு வெள்ளிக்கிழமை ராத்திரி பஜனை முடிஞ்சு, சாமான் அறையைப் பூட்டப் போனா, பிளாஸ்டிக் கருகுற வாடை. அதே 18 வெள்ளி சார்ஜர். பஜனை மைக்குக்கு சார்ஜ் போட யாரோ மாட்டிவிட்டிருக்காங்க. தொட்டா கை சுடுது, அடிப்பக்கம் பழுப்பா உருகி இருக்கு. அதுக்கு ஒரு கை தூரத்துல கற்பூரப் பெட்டி, நல்லெண்ணெய் டின், அம்மனுக்குச் சாத்துற பட்டுப் புடவை எல்லாம் அடுக்கி இருக்கு. பூட்டிட்டு வீட்டுக்குப் போயிருந்தா என்ன ஆயிருக்கும்னு நினைச்சா இன்னும் வயித்தைக் கலக்குது.

அப்பதான் பொறி தட்டுச்சு. தெரிஞ்சவங்க வீட்டுலருந்து சுவிட்ச் பெட்டியோட அசல் சார்ஜரை வாங்கி மாட்டிப் பார்த்தோம். கொஞ்ச நேரம் ஒண்ணும் இல்ல. அரை மணி நேரத்துல திரையில பேட்டரி படம் வந்துச்சு. பெட்டி கெடவே இல்ல. சார்ஜ் சரியா ஏறாம பட்டினி கிடந்திருக்கு, அவ்வளவுதான். டாக்ல வச்சோம், டிவியிலயும் படம் வந்துச்சு.

தொழிற்சாலையில நாங்க புது ஆளுங்களுக்கு முதல் நாளே சொல்லிக்கொடுக்குறது ஒண்ணு உண்டு. பொருள் கெட்டா, ஆளைக் குத்தம் சொல்றதுக்கு முன்னால மெஷினைப் பாரு, வர்ற கரண்டைப் பாரு, உள்ளே வந்த சாமானைப் பாரு. முப்பது வருஷமா அங்க சொல்றதை, கோயில்ல ஒரு சின்னப் பையன்கிட்ட மறந்துட்டோம்.

சரி, நாங்க கத்துக்கிட்டதை உங்களுக்கும் சொல்றோம். பள்ளி லீவு, தீபாவளின்னு பிள்ளைங்களுக்கு வாங்கிக் கொடுக்குறவங்க நிறைய பேரு இருக்கீங்க.

1. முனை பொருந்துனா சார்ஜர் பொருந்துச்சுன்னு அர்த்தம் இல்ல. சார்ஜர் முதுகுல பொடி எழுத்துல இருக்குறதைப் படிங்க. சுவிட்ச் பெட்டியோட அசல் சார்ஜர்ல 15 வோல்ட், 2.6 ஆம்பியர்னு போட்டிருக்கும். டாக் வழியா டிவியில படம் வர அந்த 15 வோல்ட் வேணும். சாதாரண போன் சார்ஜர் 5 வோல்ட்தான் தரும். அதுல மெதுவா சார்ஜ் ஏறலாம், டிவியில படம் வராது. 2025 ஜூன்ல வந்த சுவிட்ச் 2-க்கு இன்னும் கூடுதல் சக்தி வேணும். பழைய சுவிட்ச் சார்ஜரை அதோட டாக்ல போட்டா டிவிக்குப் பத்தாது. வோல்ட் சரியா பொருந்தணும். ஆம்பியர் கேட்ட அளவோ அதுக்கு மேலயோ இருக்கலாம், குறையக்கூடாது.

2. சிரிம் முத்திரை இருக்கான்னு பாருங்க. நம்ம நாட்டுல சுவர்ல மாட்டுற சார்ஜர், பிளக், எக்ஸ்டென்ஷன் மாதிரி சாமானுக்கு சுருஹான்ஜாயா தெனாகா அங்கீகாரமும் சிரிம் லேபலும் வேணும். நம்ம பிளக் மூணு தட்டைக் கால், உள்ளே பியூஸ் இருக்கும். ரெண்டு கால் சார்ஜரை மேல் ஓட்டையில பேனா விட்டுத் திறந்து சொருகுற பழக்கம் நம்ம ஆளுங்ககிட்ட நிறைய. விட்டுடுங்க. லூசா நிக்கிற பிளக்ல பொறி பறக்கும், சூடு ஏறும்.

3. ஜப்பான்லருந்து வந்த பழைய பெட்டி வச்சிருக்கீங்களா? அந்தக் காலத்து டிவி கேம் அடாப்டர் பல 100 வோல்ட்டுக்கு மட்டும் செஞ்சது. நம்ம வீட்டுக் கரண்ட் 230, 240. மாட்டுன உடனே புகைஞ்சுரும். "100–240"ன்னு எழுதி இருந்தாதான் நேரா மாட்டலாம்.

4. கன்ட்ரோலருக்கு என்ன பேட்டரின்னு பார்த்து வாங்குங்க. எக்ஸ்பாக்ஸ் கன்ட்ரோலர், பழைய வீ ரிமோட்டுக்கெல்லாம் ரெண்டு டபுள் ஏ பேட்டரி. பிளேஸ்டேஷன் 5, சுவிட்ச் கன்ட்ரோலருக்கு உள்ளேயே லித்தியம் பேட்டரி. டபுள் ஏ போடுற வீட்டுல பிள்ளைங்க தினமும் விளையாடுனா, திரும்பத் திரும்ப சார்ஜ் பண்ணுற நிக்கல் பேட்டரி நாலு வாங்கி, ரெண்டு உள்ளே, ரெண்டு சார்ஜர்லன்னு மாத்திப் போடுங்க. அது 1.2 வோல்ட், சாதா ஆல்கலைன் 1.5 வோல்ட். ஆனாலும் கன்ட்ரோலர்ல நல்லாவே ஓடும். ஆல்கலைனை மட்டும் சார்ஜர்ல போட்டுடாதீங்க, ஒழுகும், வெடிக்கவும் கூடும். பழசையும் புதுசையும் கலந்து போடாதீங்க. மாசக்கணக்கா விளையாடலன்னா பேட்டரியைக் கழட்டி வைங்க. வெள்ளையா பூத்திருந்தா, கையுறை போட்டுக்கிட்டு, வினிகர் தொட்ட பஞ்சுக் குச்சியால துடைச்சு, காய வச்சுப் போடுங்க.

5. லித்தியம் பேட்டரிக்குப் பட்டினியும் ஆகாது, வெயிலும் ஆகாது. சுவிட்ச் பெட்டியை ஆறு மாசத்துக்கு ஒரு தடவையாவது சார்ஜ் பண்ணணும், இல்லன்னா அப்புறம் சார்ஜே ஏறாமப் போகலாம்னு நிண்டெண்டோவே சொல்லுது. பரீட்சை வருதுன்னு பெட்டியை அலமாரியில பூட்டி வைக்கிற அம்மாமாருங்க கவனிங்க. 35 டிகிரிக்கு மேல சூடு இருக்குற இடத்துலயும் வைக்கக்கூடாது. நம்ம ஊர் மத்தியான வெயில்ல பூட்டி நிக்கிற காடிக்குள்ள அதைவிட எவ்வளவோ கூட இருக்கும். குமுட்டி அடுப்பு மாதிரி கொதிக்கும்.

6. பேட்டரி உப்பி இருந்தா தொடாதீங்க. லித்தியம் பேட்டரிக்குள்ள இருக்குற திரவம் தீப்பிடிக்கக்கூடியது. பழசாகி, இல்ல சூடு பட்டு, இல்ல தப்பா சார்ஜ் ஏறி உள்ளே கெட்டா, வாயு சேர்ந்து உப்பும். ஊசியால குத்தக்கூடாது, அமுக்கி மூடக்கூடாது, திரும்ப சார்ஜ் போடக்கூடாது. மண் போட்ட இரும்பு டின்ல வச்சு வீட்டுக்கு வெளியே வைங்க. அப்புறம் மின்கழிவு வாங்குற இடத்துல கொடுங்க, குப்பைத் தொட்டியில போடாதீங்க. தீப்பிடிச்சா முதல்ல ஆளுங்களை வெளியேத்துங்க, 999 கூப்பிடுங்க.

7. மத்த சாமான்லயும் பேராசை வேண்டாம். பெரிய அளவு போட்ட மெமரி கார்டு சாப்பாட்டு விலைக்குக் கிடைச்சா, உள்ளே அந்த அளவு இருக்காது. கொஞ்ச நாள்ல பிள்ளைங்க சேமிச்ச ஆட்டம் எல்லாம் காணாமப் போயிரும். ஒரு எக்ஸ்டென்ஷன்ல இன்னொரு எக்ஸ்டென்ஷன் சொருகாதீங்க. இடி மின்னல் வந்தா சுவிச்சை அடைச்சாப் போதாது, பிளக்கையே கழட்டுங்க, டிவி ஆண்டெனா வயரையும் சேர்த்து. ராத்திரி தூங்கும்போது மெத்தை மேல, தலைமாட்டுல சார்ஜ் போடாதீங்க.

கோயில்லயும் மாத்திட்டோம். சாமான் அறையில இப்ப எந்த சார்ஜரும் கிடையாது. ஆபீஸ் அறையில, சிமெண்ட் தரை மேல, ஆள் இருக்கும்போது மட்டும்தான் சார்ஜ். யாகத்துக்கு எடுத்து வச்ச மணல்ல ஒரு வாளி பக்கத்துல வச்சிருக்கோம். ஒவ்வொரு சார்ஜர்லயும் எந்தப் பொருளோடதுன்னு பேர் ஒட்டியாச்சு. அசல் சார்ஜரை ஒரு குடும்பம் உபயமா வாங்கிக் கொடுத்துட்டாங்க. அவங்களுக்கு அம்மன் அருள் கிடைக்கட்டும்.

இனி அந்தத் தம்பி விஷயம்.

உண்மை தெரிஞ்ச மறுநாளே நாங்க மூணு பேரு அவங்க தாமானுக்குப் போனோம். பழத்தட்டு எடுத்துக்கிட்டுத்தான் போனோம். அப்பாவுக்கு எங்களைப் பார்த்ததும் முகம் மாறுச்சு. பணம் கேக்க வந்திருக்கோம்னு நினைச்சுட்டாரு. "இன்னும் சம்பளம் வரலண்ணே"ன்னு ஆரம்பிச்சாரு. அந்த ஒரு வார்த்தை எங்களை அறைஞ்ச மாதிரி இருந்துச்சு. நடந்ததைச் சொல்லி, தப்பு எங்களதுன்னு சொன்னோம். தம்பி கதவு ஓரமா நின்னு கேட்டுக்கிட்டு இருந்தாரு. "நான் போடலன்னு அன்னைக்கே சொன்னேனே அங்கிள்"னாரு. கோபமா சொல்லல. அதுக்கு எங்ககிட்ட பதில் இல்ல.

திரும்பி வரும்போது எங்கள்ல ஒருத்தர் சொன்னாரு: "ஏசுனது எல்லாரு முன்னாலயும். மன்னிப்பு மட்டும் வீட்டுக்குள்ள போய் கேட்டா எப்படி?" சரின்னு பட்டுச்சு. அடுத்த ஞாயிறு வகுப்புல, எந்த இடத்துல சத்தம் போட்டோமோ அதே இடத்துல நின்னு, எல்லாப் பிள்ளைங்க முன்னாலயும் சொன்னோம்: பெட்டியை யாரும் கெடுக்கல, விலை பார்த்துத் தப்பான சார்ஜர் வாங்குனது நாங்க, விசாரிக்காம ஏசுனதும் நாங்கன்னு. அன்னைக்குத் தம்பி வரல. அதுக்கு அடுத்த ரெண்டாவது வாரம் அப்பாவோட வந்தாரு.

இப்ப வாராவாரம் வர்றாரு. தேவாரம் நல்லாப் பாடுறாரு. ஆனா பத்து நிமிஷ ஆட்டத்துக்கு அவர் முறை வந்தா, "வேணாம் அங்கிள், அடுத்தவங்களுக்குக் கொடுங்க"ன்னு அன்னதான வரிசைக்குப் போயிடறாரு. இன்னும் அந்தப் பெட்டியைத் தொடல. நாங்களும் வற்புறுத்தல. சார்ஜரை மாத்த அரை மணி நேரம் போதும். பிள்ளை மனசுக்கு எவ்வளவு நாள் ஆகுமோ, அதுவரைக்கும் பொறுத்திருக்க வேண்டியது எங்க கடமை.

இன்னிக்கு ராத்திரி படுக்கப் போறதுக்கு முன்னால, வீட்டுல எங்கெங்க சார்ஜர் தொங்குதுன்னு ஒரு சுத்து பாருங்க. கை வச்சுப் பாருங்க, சுடுதான்னு. சாமி அறைப் பக்கம் இருந்தா முதல்ல அதைக் கழட்டுங்க. அப்படியே, விசாரிக்காம யாரையாவது ஏசி இருந்தா, அதையும் ஒரு தடவை நினைச்சுப் பாருங்க.

ஞாயித்துக்கிழமை வகுப்பு வழக்கம்போல உண்டு. பிள்ளைங்களைக் கூட்டிக்கிட்டு வாங்க, அன்னதானம் சாப்பிட்டுட்டுப் போங்க.

எல்லாரும் நல்லா இருக்கணும். ஓம் சக்தி, பராசக்தி.

— கோயில் தொண்டர் குழு